நகர்த்தக்கூடிய நாற்காலிகள்

கட்டடத்தின் முன்னால் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால், கூடுதல் தளங்கள் கட்டிக்கொள்ளலாம் என்று நியூயார்க் நகரம் 1961-ல் விதி கொண்டுவந்தது. கட்டியவர்களுக்கு நல்ல லாபம். திறந்தவெளிகள் பலவும் ஈ, காக்கை இல்லாமல் கிடந்தன.

1970-களில் வில்லியம் வைட் கேமராவோடு அவற்றைக் கவனித்தார். உட்கார இடமிருந்தால்தான் மக்கள் உட்காருவார்கள் என்பது அவர் முடிவு. (இதற்கு ஆராய்ச்சி வேறா எனலாம். கட்டியவர்களுக்குத் தோன்றவில்லையே!)

அதே நகரின் பிரையன்ட் பூங்கா தெருவைவிட உயரம், சுற்றிலும் செடிவேலி. உள்ளே நடப்பது வெளியே தெரியாததால் போதைமருந்து விற்றவர்களுக்குக் கொண்டாட்டம். வைட்டின் யோசனைப்படி வேலியை நீக்கி, வாசல்களை அகலமாக்கி, தரையில் பொருத்தாத நாற்காலிகளைப் போட்டு 1992-ல் திறந்தார்கள். கூட்டம் வந்தது. இத்தகைய நாற்காலிகளை உட்காருமுன் பலர் கொஞ்சமாவது நகர்த்துவதை வைட் ஏற்கெனவே படம்பிடித்திருந்தார்.