ஏரி வாரியமும் அரசாணையும்

நம் சங்கத்து ஆண்டு விழா மேடைகளில் குடவோலையைப் போற்றாத சொற்பொழிவாளர் அரியர். தேர்தலை உலகுக்குக் கற்பித்தவர் தமிழரே என்பர், கைதட்டலும் பெறுவர். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரிலுள்ள அக்கல்வெட்டுகளைச் சற்றுப் பொறுமையுடன் படிப்போர்க்கு வேறொரு செய்தியும் புலனாகும். அரசும் ஊராரும் ஒருவரையொருவர் எவ்வாறு நடத்தினர் என்பதே அது.

முதலாம் பராந்தகன் ஆட்சியில், கி.பி. 919இல், அரசாணையின்படித் தத்தனூர் மூவேந்த வேளான் என்னும் அதிகாரி உடனிருக்கச் சபையோர் விதி வகுத்தனர். அது போதவில்லை போலும். 921இல் மற்றோர் அதிகாரி உடனிருக்க விதிகள் திருத்தப்பட்டன. முப்பது குடும்பு, சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். அரசன் ஆணையிட்டான், ஆனால் அறுவர் யாவர் என்பதை அவன் கூறவில்லை. சிறுவன் கை குடத்திலிருந்து எடுத்த ஓலையே கூறிற்று. ஏரியும் வெறுங்கையால் காக்கப்படவில்லை. அவ்வூர் வயிரமேக தடாகத்தில் தூர் அகற்றப் பல்லவர் காலத்திலேயே பொன் அளித்தோர் உண்டு. அதன் வட்டியே ஆண்டுதோறும் செலவுக்கு ஆயிற்று.

இப்பெருமையில் ஒரு குறையையும் மறைத்தல் கூடாது. அது பிரமதேயம், காணி நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே ஓலையில் இடம். ஏரியில் மண் சுமந்தவர் பெயர் குடத்துள் விழுந்ததில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் நிலைமை மாறிற்று. ரயத்துவாரி முறையில் அரசு ஊரோடு பேசுவதை விடுத்துத் தனித்தனிக் குடியானவனோடு பேசலாயிற்று. ஊர்ப்பொதுவின் கை தளர்ந்தது; மதகும் கரையும் பழுதுபட்டன. அப்பொழுது அரசு கண்ட மருந்து, சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு முதலாவது சட்டம். வழக்கமான குடிமராமத்துக்கு வாராதவன் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும். உரிமையை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரார் தலையில் விட்டுவைத்தால் கரை எங்ஙனம் உயரும்? 2017இல் தமிழக அரசு அதே பெயரில் புதுத் திட்டம் தொடங்கி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. செலவில் பத்திலொரு பங்கு பாசன விவசாயிகளுடையது என்றது. பணம் அரசினது. ஏரியும் அரசினதா என்பதே எஞ்சிய கேள்வி.

கல்வெட்டில் என்னை நெடுநேரம் நிறுத்திய இடம் பிறிதொன்று. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது; அவன் தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனர், மருமகன் பெயரையும் இடலாகாது! மைத்துனரையும் மறவாத அந்தச் சபையோரின் உலகியலறிவை எண்ணி நகைத்தேன்.

இத்தில்லியில் நம்போன்ற சங்கங்கள் 1860ஆம் ஆண்டின் 21ஆம் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவை. எழுவர் கூடினால் சங்கம் அமைக்கலாம். ஆண்டுதோறும் நிருவாகிகளின் பெயர், முகவரி, தொழில் அடங்கிய பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். அலுவலகத்தில் கோப்பு எழுதிப் பழகிய கை என்பதால், இவ்வாண்டு அப்பட்டியலை எழுதும் பணி எனக்கு வந்தது. சென்ற ஆண்டு நூலகக் கணக்கு மூன்று மாதம் பிந்தியே பொதுக்குழுவுக்கு வந்தது. அக்குழுவில் நானும் ஒருவன். என் பெயரையும் எழுதினேன். கணக்குக் காட்டினாரா என்று அந்தப் படிவம் எங்கும் கேட்கவில்லை.