கொய்யாப் பதியம்

கொய்யா, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பிரதேசங்களைத் தாயகமாகக் கொண்டு, போர்த்துகீசியர் வழியே பாரதத்திற்கு வந்து சேர்ந்த சிறு மரம். நாவலும் கிராம்பும் அடங்கிய மிர்ட்டேசி குடும்பத்தைச் சேர்ந்த இதனைத் தாவர நூலார் சிடியம் குவாஜாவா என்பர். தாணே, மும்பைப் பகுதி மராட்டியர் பேரு என்பர். வீட்டில் நிற்கும் நல்ல மரமொன்றின் சுவையும் சுபாவமும் மாறாமல் மற்றொரு மரத்தை உண்டாக்க விரும்புவோர்க்கு உத்தமமான முறை, கிளையை மரத்திலிருந்து பிரிக்காமலே வேர்விடச் செய்யும் விண்பதியம். மராட்டியத் தோட்டக்காரர் இதனைக் குட்டி கலம் என்று வழங்குவர்.

விதையும் முளைக்கும், ஆனால் கொய்யாப் பூக்களில் அயல் மகரந்தச் சேர்க்கை கணிசமாக நிகழ்வதால், விதைக்கன்று தாய்மரத்தை ஒத்திருக்கும் என்பதற்கு உறுதியில்லை. அந்த வேற்றுமையிலிருந்தே புதிய ஜாதிகளும் தோன்றுகின்றன. புணே அருகிலுள்ள கணேஷ்கிண்டில், அலகாபாத் சபேதா விதைக்கன்றுகளிடையே தேர்ந்தெடுக்கப்பட்டு, பிற்காலத்தில் சர்தார் என்றும் பெயர்பெற்ற லக்னோ-49, இன்று தமிழ்நாட்டிலும் விரும்பிப் பயிரிடப்படுகிறது. விதையால் வந்த அத்தகைய மேன்மையை மாறாமல் காத்து நிற்பவை பதியமும் ஒட்டுமே. முற்றிய தண்டை வெட்டி நட்டால் எளிதில் வேர்விடாது.

தாணேயில் விண்பதியத்திற்கு உகந்த காலம், ஜூன் இரண்டாம் வாரத்தையொட்டித் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையின் முற்பகுதி. காற்றின் ஈரம் கிளையைக் காக்கிறது. மரமும் அப்போது தளிர்த்து வளரும் வேகத்தில் இருக்கிறது. பாலிதீன் தாள் வழக்கத்திற்கு வருமுன், களிமண்ணும் சாணமும் பிசைந்து கிளையில் அப்பிக் கோணி சுற்றி, மேலே துளையிட்ட சட்டியைத் தொங்கவிட்டுத் திரிவழியே நீர் சொட்டச் செய்தனர் நம் முன்னோர். மழை மிகுந்த இக்கடற்கரைப் பிரதேசத்தில் அச்சிரமம் இன்று தேவையில்லை.

பென்சில் பருமனுள்ள, ஓராண்டு முதிர்ந்த கிளையில், கணுவுக்குச் சற்றுக் கீழே 2.5 முதல் 3 செ.மீ. அகலத்திற்குப் பட்டையை வளையமாக நீக்கி, அடியிலுள்ள வழுவழுப்பான படலத்தையும் சுரண்டிவிட வேண்டும். அது எஞ்சினால் பட்டை மீண்டும் கூடிக்கொள்ளும், வேர் வராது. இலைகள் சமைத்த உணவும் வளர்ச்சிப் பொருள்களும் கீழிறங்க வழியின்றி வளையத்தின் மேல்விளிம்பில் தேங்க, உட்கட்டை வழியே நீர் மட்டும் தடையின்றி மேலேறிக்கொண்டிருப்பதால், கிளை வாடாமலே வேர்விடுகிறது. ஆகவே வேரூக்கி மருந்தை மேல்விளிம்பிலேயே தடவ வேண்டும். பிறகு நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியையோ தென்னைநார்க் கழிவையோ வைத்து, பாலிதீன் தாளால் சுற்றி, மழைநீர் உள்ளே புகாதபடி இரு முனைகளையும் இறுகக் கட்டுக. நீர் தேங்கினால் வேர் அழுகும். தாணேயின் கனமழையில் முதலில் கவனிக்கத்தக்கது இதுவே.

ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களில் தாளினூடே வேர்கள் தெரியும். உடனே அறுத்துவிடாமல், முதலில் கட்டின் கீழே பாதியளவு வெட்டி, ஒரு வாரத்திற்குப்பின் முற்றிலும் பிரித்து, இலைகளில் ஒரு பகுதியைக் குறைத்து, தாளை நீக்கித் தொட்டியில் நட்டு நிழலில் வைப்பது நலம். அடிக்கிளை தாழ்ந்திருந்தால், காயம் செய்து வளைத்து மண்ணில் புதைக்கும் மண்பதியமும் பலன் தரும். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அதற்கு இடம் வாய்ப்பது அரிது. பதியக் கன்றுக்கு ஆணிவேர் இராது. நார்வேர்கள் மேலாகவே பரவுமாதலால், மழைக்காற்றுக்கு முன்பே ஊன்றுகோல் நட்டுக் கட்டிவிட வேண்டும். முதலாண்டில் தோன்றும் பூக்களைக் கிள்ளிவிட்டால் கன்று வலுப்பெற்று, 2 அல்லது 3 ஆண்டுகளில் நன்கு காய்க்கத் தொடங்கும்.