‘கிடைக்கவில்லை’ என்று சொல்லத் தெரிந்த கருவி

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இப்போது ஒரு மென்பொருள் நிறுவனத்தில் விளக்கக் குறிப்புகள் எழுதும் வேலை. "சார், ஏஐ ஏஜென்ட் இணையத்துல தேடுறதுக்கு ஒரு கருவி பண்ணியிருக்கோம். அதுக்கு நான் எழுதின குறிப்பை நீங்க ஒரு தடவை படிச்சுப் பாக்கணும். கம்ப்யூட்டர் தெரியாதவங்களுக்கும் புரியுதான்னு பாக்கணும்" என்றாள். அப்படி ஒரு ஆள் வேண்டும் என்றதும் என் ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம்தான்.

ஏஐ ஏஜென்ட் என்பது நாம் சொன்ன வேலையைத் தானே படிப்படியாகத் திட்டமிட்டு, தேவையான கருவிகளை எடுத்துச் செய்து முடிக்கும் நிரல். எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை, அந்தக் கருவிக்கு எழுதிய குறிப்பைப் படித்துத்தான் அது முடிவு செய்கிறதாம். ஆக, இவள் எழுதியதை மனிதர்களும் படிப்பார்கள், இயந்திரமும் படிக்கும்.

குறிப்பு சுத்தமாக இருந்தது. கருவியின் பெயர், கேள்வியை எப்படிக் கொடுப்பது, எத்தனை விடைகள் வரும், ஒவ்வொன்றிலும் தலைப்பு, முகவரி, சிறு பகுதி என எல்லாம் இருந்தது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். "ஒண்ணும் கிடைக்கலைன்னா அது என்னம்மா சொல்லும்?" சிறிது நேரம் பேச்சில்லை. "அதை எழுதலை சார்" என்றாள்.

அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. சில நாட்கள் உட்கார்ந்து தேடுகருவிகளின் வரலாற்றைப் படித்தேன்.

முதல் இணையத் தேடுகருவி என்று சொல்லப்படுவது ‘ஆர்ச்சி’. 1990-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோஸ் நாட்டிலிருந்து வந்த மாணவர் ஆலன் எம்டேஜ் உருவாக்கியது. அது கோப்புகளின் பெயரை மட்டும்தான் தேடும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. இந்த எல்லை தெரிந்தவருக்குத்தான் அது பயன்படும்.

1993-இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் ‘அலிவெப்’ கொண்டுவந்தார். ஒவ்வொரு தளத்தை நடத்துபவரும் தன் பக்கங்களில் என்ன இருக்கிறது என்று தானே ஒரு குறிப்பு எழுதி வைக்க வேண்டும். கருவி அதைச் சேகரித்துக்கொள்ளும். நல்ல யோசனை. ஆனால் உட்கார்ந்து எழுதியவர்கள் குறைவு. 1994-இல் வந்த ‘வெப்கிராலர்’ யாரையும் எழுதச் சொல்லவில்லை. பக்கங்களைத் தானே முழுவதும் படித்துக்கொண்டது. உலகம் அந்த வழியில் போனது.

இப்படித் தானாக அலையும் நிரல்கள் சில தளங்களைத் திணறடித்தன. அதே கோஸ்டர் 1994-இல் இன்னொரு வழி சொன்னார். ‘ரோபாட்ஸ்.டெக்ஸ்ட்’ என்ற சின்னக் கோப்பில் "இங்கே வரலாம், இங்கே வர வேண்டாம்" என்று எழுதி வாசலில் வைப்பது. இயந்திரம் படிப்பதற்காகவே மனிதர் எழுதும் குறிப்பு அது. அதிகாரபூர்வத் தர ஆவணமாக அது வெளியானது 2022-இல்தான்!

இனி நம் காலம். 2021 டிசம்பரில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ‘வெப்ஜிபிடி’ என்ற ஆய்வை வெளியிட்டது. மொழி மாதிரியே இணையத்தில் தேடி, பக்கத்தைத் திறந்து, தேவையான வரியை மேற்கோளாக எடுத்துக்கொண்டு பதில் எழுதியது. பதிலைச் சரிபார்க்க மனிதருக்கு அந்த மேற்கோள்கள் உதவின.

2022 அக்டோபரில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தாரும் கூகுள் ஆய்வாளர்களும் ‘ரியாக்ட்’ என்ற முறையை வெளியிட்டார்கள். அதில் விக்கிப்பீடியாவைத் தேட ஒரு கருவி உண்டு. கேட்ட தலைப்பில் பக்கம் இருந்தால் முதல் 5 வாக்கியங்களைத் தரும். இல்லாவிட்டால் அதற்கு நெருக்கமான 5 தலைப்புகளைச் சொல்லும். நான் மாணவியிடம் கேட்ட கேள்விக்கு அவர்கள் அன்றே ஒரு வரியில் பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த வரி ஏன் முக்கியம் என்பதை நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கு காட்டுகிறது. 2023-இல் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடியைக் கேட்டு முன்தீர்ப்புகளை எடுத்து, மனுவில் சேர்த்தார். அது நீதிமன்றத்துக்கும் போனது. அவற்றில் 6 வழக்குகள் உலகத்திலேயே இல்லாதவை. ‘இது நிஜ வழக்குதானா?’ என்று அதையே கேட்டும் பார்த்திருக்கிறார். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டது. அதை ஒரு தேடுகருவி என்று நினைத்துவிட்டேன் என்றார் அவர். 5,000 டாலர் அபராதம். அது எங்கும் போய்த் தேடவே இல்லை. கைவசம் விடை இல்லாதபோது, விடை மாதிரி ஒன்றை எழுதிக் கொடுத்தது.

ஏன் இப்படிச் செய்கிறது? 2025 செப்டம்பரில் ஓப்பன்ஏஐ ஆய்வாளர்கள் ஒரு கட்டுரையில் காரணம் சொன்னார்கள். இந்த மாதிரிகளுக்கு வைக்கும் தேர்வுகளில் ‘தெரியாது’ என்றால் மதிப்பெண் கிடையாது. ஊகித்து எழுதினால் ஒருவேளை கிடைக்கும். பரீட்சையில் விடை தெரியாத மாணவன் எதையாவது எழுதி வைப்பது போலத்தான் என்கிறார்கள்.

அதைப் படித்ததும் மனசு கொஞ்சம் கனத்துப் போனது. வகுப்பில் "தெரியாது சார்" என்று நேர்மையாகச் சொன்ன பிள்ளையை நான் எத்தனை முறை நிற்க வைத்திருக்கிறேன்! எதையோ அடித்துவிட்டவனை "பரவாயில்லை, முயற்சியாவது செஞ்சான்" என்று உட்கார வைத்திருக்கிறேன். ஆசிரியர் பயிற்சியில் கேள்வி கேட்கும் முறையை எங்களுக்குப் பாடமாகவே வைத்தார்கள். ‘தெரியாது’ என்ற பதிலை எப்படி வாங்கிக்கொள்வது என்று நானும் யோசித்ததில்லை. அன்று நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் சாரை மன்னித்துவிடுங்கள்.

மாணவி திருத்திய குறிப்பை அனுப்பினாள். புதிதாக மூன்று விஷயங்கள் சேர்த்திருந்தாள். விடை எதுவும் வராவிட்டால், இந்தக் கருவி தேடிய இடத்தில் கிடைக்கவில்லை என்றுதான் பொருள். அப்படி ஒன்றே இல்லை என்று பொருளல்ல. இணைப்பு அறுந்ததால் தேட முடியாமல் போனால், அதைத் தனியாகச் சொல்லும். இரண்டிலும் ஏஜென்ட் தானாக விடையை இட்டு நிரப்பக் கூடாது. கேட்டவரிடம் உள்ளதைச் சொல்ல வேண்டும். நூற்றுக்கு நூறு போட்டு அனுப்பினேன்.

உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏஐ சொன்னது என்று மருந்து, பென்ஷன், கோர்ட் விஷயம் எதையும் குடும்பக் குழுவில் போடும் முன் கீழே உள்ள இணைப்பைத் திறந்து ஒருமுறை படித்துவிடுங்கள். இணைப்பே இல்லையென்றால், அது தேடியதா என்று முதலில் கேளுங்கள். என்னிடம் கேட்டு எனக்குத் தெரியாவிட்டால், தெரியாது என்றே சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சார்