செம்மண் வேந்தர் வீழ்ந்த நாள்

வெற்றியின் வரலாற்றை எழுதுவது எளிது. யார் வென்றார், எந்த ஆண்டில் வென்றார் என்று இரண்டு வரிகளில் முடித்துவிடலாம். தோல்வியின் வரலாறு அத்தகையதன்று. ஏன் தோற்றார் என்ற கேள்வி உடனே எழுகிறது. விடை கூற முன்வருவோர் பலர். அவர்களுள் முதற் குரல் தோற்றவருடைய ரசிகரின் குரலாகவே இருக்கும். டென்னிஸ் உலகில் ஸ்பெயின் நாட்டு வீரர் ரபேல் நடாலின் ஆட்டத்தைப் பல்லாண்டுகள் விரும்பி நோக்கியவன் நான். 2009ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் நகரில் அவர் அடைந்த தோல்வியைப் பற்றி ஒரு ரசிகனாகவும், வரலாற்றை விரும்புபவனாகவும் சில சொல்ல விரும்புகிறேன்.

பிரெஞ்சு ஓபன் போட்டிகள் பாரிஸில் ரோலாண்ட் கேரோஸ் என்னும் அரங்கில் நடைபெறுகின்றன. அங்குள்ள ஆடுதளம் செங்கற்பொடி தூவப்பெற்றது. அத்தளத்தில் பந்தின் வேகம் தணியும். ஆனால் அது உயரமாக எழும்பும். நடாலோ பந்தைக் கடுமையாகச் சுழலவிட்டு அடிப்பவர். அவர் அடித்த பந்து தரையில் பட்டதும் எதிராளியின் தோளளவுக்குத் துள்ளி எழும். அதைத் திருப்பி அடிக்க இயலாமல் தலைசிறந்த வீரர்களும் திணறினர். 2005 முதல் 2008 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து அவரே அங்கே வாகை சூடினார். 2008ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் ரோஜர் பெடரர் போன்ற பெருவீரரே அவரிடம் நான்கு கேம்களுக்கு மேல் பெற இயலவில்லை. அவ்வரங்கில் நடால் ஆடியவை 31 ஆட்டங்கள், வென்றவையும் 31.

ஐந்தாம் முறையும் தொடர்ந்து வென்றிருந்தால், சுவீடன் நாட்டுப் பியோன் போர்க் 1978 முதல் 1981 வரை நான்கு முறை தொடர்ந்து வென்ற சாதனையை நடால் கடந்திருப்பார். அவரை நான்காம் சுற்றில் தடுத்து நிறுத்தியவரும் சுவீடன் நாட்டவரே. அவர் பெயர் ராபின் சோடர்லிங். அதுவரை பெரும் போட்டிகள் எதிலும் மூன்றாம் சுற்றைத் தாண்டாதவர் அவர். அதற்கு ஒரு மாதம் முன்னரே ரோமாபுரியில் 6–1, 6–0 என்று நடாலிடம் படுதோல்வி அடைந்தவர். அன்றைய ஆட்டம் நடாலுக்கு எளிதில் முடியும் என்று எதிர்பார்த்தவர்களுள் நானும் ஒருவன். உலகமும் அவ்வாறே எதிர்பார்த்தது.

நடந்தது வேறு. சோடர்லிங் ஆறடிக்கு மேல் உயரமானவர். பிறருக்குத் தோளளவில் வந்த பந்து அவருக்கு அடிப்பதற்கு வாகான உயரத்தில் வந்தது. அவர் பின்வாங்கவில்லை, பந்து எழும்பும்போதே முன்னேறித் தட்டையாகவும் வேகமாகவும் அடித்தார். முதல் செட்டை 6–2 என்று கைப்பற்றினார். இரண்டாவது செட்டை டைபிரேக்கில் நடால் வென்றபோது என் போன்றோர் பெருமூச்சு விட்டோம். மூன்றாவது 6–4, நான்காவது 7–6 என்று சோடர்லிங்குக்கே சென்றன. மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஆட்டம் முடிந்தபோது, நம்ப இயலாத ஒன்றைக் கண்டவர்களைப் போல மக்கள் ஆரவாரம் செய்தனர். தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த எனக்கோ பேச்சு எழவில்லை. வீட்டில் ஒருவர் நெடும்பயணம் புறப்பட்டுப் போனபின் தோன்றும் வெறுமை மனத்தில் தோன்றிற்று.

மறுநாள் முதல் ரசிகர்கள் காரணம் தேடினர். முழங்கால் வலி என்றனர் சிலர். மாட்ரிட் நகரில் இரு வாரங்களுக்கு முன் நான்கு மணி நேரம் போராடி ஆடிய களைப்பு என்றனர் சிலர். பார்வையாளர் எதிராளிக்கே குரல் கொடுத்தனர் என்றனர் வேறு சிலர். இவற்றுள் எதுவும் பொய்யன்று. முழங்கால் நோயினால் நடால் அவ்வாண்டு விம்பிள்டன் போட்டியில் கலந்துகொள்ளவே இல்லை. முந்திய ஆண்டு அங்கே வென்றவர் அவர் என்பதை நினைவிற் கொள்க.

ஆயினும், மாணவ நண்பர்களே, ஒரு காரணம் உண்மையாக இருப்பதனாலேயே அது முழுக் காரணம் ஆகிவிடாது. அதே முழங்காலோடு, அதே களைப்போடு, முந்திய சுற்றில் லெய்டன் ஹியூவிட்டை 6–1, 6–3, 6–1 என்று நடால் வென்றிருந்தார். ஆகவே எதிரே நின்றவரையும் ஆராய வேண்டும். சோடர்லிங் அத்தோடு ஓய்ந்தாரா? இல்லை. அடுத்து டேவிடெங்கோவையும், பின்னர் கொன்சாலெஸையும் வென்று இறுதி ஆட்டம் வரை சென்று பெடரரிடம் தோற்றார். மறு ஆண்டு அதே அரங்கில் அந்தப் பெடரரையே வென்று மீண்டும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார். தற்செயலாக ஒரு நாள் வென்றவருடைய வரலாறு இவ்வாறு அமைவதில்லை. பின்னர் வந்த சான்று முன்னர் நடந்ததை விளக்குகிறது.

அந்த 2010ஆம் ஆண்டின் இறுதி ஆட்டத்தில் சோடர்லிங்கை எதிர்த்து நின்றவர் நடாலே. இம்முறை ஒரு செட்டும் இழக்காமல் நடால் வென்றார். நோயுற்ற சோடர்லிங் 2011க்குப் பின் களமிறங்கவில்லை; 2015இல் ஓய்வை அறிவித்தார். நடால் பாரிஸில் மொத்தம் 14 முறை பட்டம் வென்று 2024இல் ஓய்வு பெற்றார். அவ்வரங்கில் அவர் வென்ற ஆட்டங்கள் 112, தோற்றவை நான்கே.

அந்த நான்கினுள் முதலாவதைக் கண்ட துயரம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. எனினும் அந்நாளை வரலாற்றிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று நான் விரும்பவில்லை. வெல்லவே இயலாதவர் என்று கருதப்பட்டவரை வெல்ல இயலும் என்று ஒருவர் அன்று காட்டினார். வெல்லப்பட்டவர் மீண்டும் வந்து அவரையே வென்று காட்டினார். நமக்கு உவப்பானவர் தோற்கும்போது வருந்துவது இயல்பு. அவ்வருத்தத்தில் வென்றவரின் திறமையை மறைத்துவிடாதிருப்பது நேர்மை. அந்த நேர்மை விளையாட்டு ரசிகருக்கு எவ்வளவு தேவையோ, வரலாறு பயிலும் மாணவருக்கும் அவ்வளவு தேவை.