தோன்றா எழுவாய்

மக்கள் போராட்டங்களின் வரலாற்றைப் பழைய பத்திரிகைகளிலிருந்து எழுதப் புகுவோர் இலக்கணத்தையும் துணைக்கொள்ள வேண்டும். ஒரு செய்தியில் எழுவாயாக நிற்பவர் யார், மறைக்கப்பட்டவர் யார் என்று நோக்கினால், எழுதியவர் நின்ற பக்கம் புலப்பட்டுவிடும்.

1953ஆம் ஆண்டில் இலங்கை அரசு பங்கீட்டு அரிசியின் விலையைக் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12ஆம் நாள் ஹர்த்தால் நடந்தது. அமைச்சரவை பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவசரகால நிலை வந்தது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். இந்நிகழ்ச்சியை ஹர்த்தால் என்போரும் உண்டு, கலவரம் என்போரும் உண்டு. ஹர்த்தால் என்பது மக்கள் எண்ணித் துணிந்த செயல். அதற்கொரு கோரிக்கை உண்டு. கலவரமோ புயலைப்போல் வந்து போவது. சொல் மாறியதும் அந்த 70 சதமும் மறைந்துவிடுகிறது.

2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் லீற்றர் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவாயிற்று. 'விலை உயர்ந்தது' என்பது செய்தித் தமிழ். விலை தானே உயருமா? அரசு உயர்த்தியது. மாம்புரி தொடங்கித் தெற்கே சிலாபம்வரை மண்ணெண்ணெய் இன்றிச் சிறு படகுகள் கடலேறா. பெப்ரவரி 15இல், சிலாபத்தில், போராடிய மீனவர் ஒருவரைப் படையினர் சுட்டுக் கொன்றனர்.

இத்தகைய நிகழ்ச்சிகளை எழுத நம் நாளேடுகளுக்குப் பழகிப்போன தொடர்கள் இரண்டு: 'ஆர்ப்பாட்டக்காரர்கள் கல்லெறிந்தனர்', 'துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் பலி'. கல்லுக்கு எழுவாய் உண்டு, குண்டுக்கு இல்லை! இலக்கணம் கூறும் தோன்றா எழுவாயையாவது வினைமுற்றின் விகுதி காட்டிக்கொடுக்கும். 'சூடு நடந்தது' என்னும்போது விகுதியும் ஊமையாகிவிடுகிறது.

பத்திரிகையின் உடைமை மாறினால் இந்நிலை மாறும் என்று நம்பியோர் உண்டு. 1953இல் தனியார் கையிலிருந்த லேக் ஹவுஸ் ஏடுகளை 1973இல் சட்டத்தின் மூலம் அரசு எடுத்துக்கொண்டது. அவ்வரசில் இடதுசாரிக் கட்சிகளும் பங்கு வகித்தன. ஆயினும் அதன்பின் ஆட்சிகள் மாறமாற, அவ்வேடுகள் ஆள்வோரின் குரலாகவே ஒலித்தன. உடைமை மாற்றம் வேண்டியதே. அது மட்டும் போதாது. தொடரைப் பிரித்துப் பார்க்கும் வாசகர் கூட்டமும் வேண்டும்.

அக்கூட்டம் வகுப்பறையிலேதான் உருவாக வேண்டும். செய்வினையும் செயப்பாட்டுவினையும் தேர்வுக்கு மட்டும் உரியனவல்ல. கல்லெறிந்தவரை மறைக்கச் சொல்லவில்லை. சுட்டவரையும் எழுவாயாக நிறுத்துங்கள் என்கிறோம். வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது.