ஏரி வாரியமும் கூரைநீரும்

நீர் தனியொருவரின் உடைமையன்று. ஊரார் கூடிக் காக்கவேண்டிய பொதுச்செல்வம். இதனை நம் முன்னோர் கல்லிலேயே பொறித்து வைத்தனர். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் உத்திரமேரூரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியத்திற்கு 6 பேரைக் குடவோலை வழியே தேர்ந்த முறையைக் கூறுகின்றன. முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் அங்கே இடமில்லை. நீரைக் காப்பவர் முதலில் நேர்மையைக் காக்க வேண்டும் என்பதே இதன் உட்பொருள்.

குடிமராமத்து என்னும் பெயரில் ஊரார் தாமே வாய்க்காலைத் தூர்வாரிக் கரையைச் செப்பனிட்டனர். ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியும் அது பழைய வலிமையைப் பெறவில்லை. உரிமையுணர்வால் விளைந்ததை ஆணையால் மீட்க இயலவில்லை.

2003-இல் தமிழகத்தில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. நுட்பம் எளிது: கூரைநீர் குழாய்வழி இறங்கி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய குழியில் தெளிந்து, கிணற்றையோ நிலத்தடியையோ சேரும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. ஆயினும் 2018-இல் பருவமழை பொய்க்க, 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. மக்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர்.

சட்டம் குழியைத் தோண்டச் செய்யலாம். அதில் படியும் சேற்றை ஆண்டுதோறும் அகற்றுவது யார்? நிலத்தடி நீருக்கு மதிற்சுவர் இல்லை. நாம் சேர்ப்பது அயலார் கிணற்றிலும் ஊறும்; நாம் மிகுதியாக இறைத்தால் அவர் கிணறும் வற்றும். எனவே தெருவுக்கொரு வாரியம் அமையட்டும். மழைக்குமுன் குழிகள் தூர்வாரப்படட்டும். கணக்கும் காட்டப்படட்டும்.