சைலன்சர் மெருகு: ஆறு அடியும் உரையும்

மூலம்

குழல்எது எனஅறி; குளிர்ந்தபின் தொடு;
கழுவிய பின்துடை; கடுமருந்து கடை;
ஒருகுழல் மூன்றாய் வகுத்தொப்பு நோக்கு;
மருந்தின் ஒளியன்று, மழைக்குப்பின் ஒளி;
மினுக்குதல் குறைத்து மெழுகினைப் பூசு;
உள்நீர் போக்கலே உயர்ந்த மெருகு.

இந்த ஆறு அடியும் நான் எழுதியவை. மனதில் நிற்கட்டும் என்று சூத்திர நடையில் கட்டினேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மாரியம்மன் கோவில் திருவிழா நெருங்கினால் வண்டியைக் கழுவி மினுக்குகிறார்கள். கையில் கிடைத்ததெல்லாம் சைலன்சரில் ஏறுகிறது. குத்துவிளக்குக்கு வாங்கி வைத்த பிராசோ, புளி, அடுப்புச் சாம்பல், பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு, சில நேரம் கராஜில் வால்வு தேய்க்கும் கிரைண்டிங் பேஸ்ட்கூட. திருவிழாவன்று குழாய் கண்ணாடி மாதிரி இருக்கும். அடுத்த மழைக்காலம் முடியும்போது அதே குழாயில் செம்புள்ளி போட்டிருக்கும். இதைப் பார்த்துப் பார்த்து மனம் பொறுக்காமல்தான் எழுதினேன்.

எங்கள் ஊரான வட்டகொடை, இலங்கை மலையகத்தில் தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடைப்பட்ட ரயில் நிலையம். கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் அடிக்கு மேல். மே மாதம் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை இருக்கும். மழை இல்லாத காலையிலும் பனிமூட்டம் உலோகத்தில் நீராகப் படியும். இப்படிப்பட்ட ஊரில் சைலன்சரைக் காப்பது அலங்காரத்துக்காக மட்டும் இல்லை. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில்தான் அது தளர்ந்தது. அதற்குள் பழைய வண்டிகளின் விலை எங்கோ போய்விட்டது. தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் வாங்கிய ஒரு ஹோண்டா சிடி 125, அல்லது ஒரு பஜாஜ், அந்த வீட்டின் பெரிய சொத்து. அதில் முதலில் உக்குவது சைலன்சர்.

குழல்எது எனஅறி

உங்கள் குழாய் எந்த உலோகம் என்று முதலில் அறிந்துகொள் என்பது பொருள். பாலிஷ் எது நல்லது என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

எங்கள் ரோட்டில் மூன்று வகை ஓடுகிறது. பழைய ஹோண்டா போன்றவற்றில் சாதாரண இரும்புக் குழாய்; அதன்மேல் நிக்கல் பூச்சு; அதற்கும் மேல் குரோம் பூச்சு. பிந்திய சில வண்டிகளிலும் வெளியே வாங்கிப் பூட்டும் குழாய்களிலும் எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இப்போது அதிகம் காணப்படுவது வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட் அடித்த குழாய். இந்த மூன்றாவது வகையில் எந்த உலோகப் பாலிஷும் படக்கூடாது. பெயின்ட் உரிந்துவிடும், அவ்வளவுதான். சவர்க்காரத் தண்ணீரும் துணியும் போதும்.

குரோமையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் பிரிப்பதற்குப் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று உதவும். காந்தம் ஒட்டவில்லை என்றால் அது பெரும்பாலும் 304 வகை ஸ்டெயின்லெஸ். ஏறத்தாழ 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்தது. ஒட்டினால் குரோம் பூச்சிட்ட இரும்பாக இருக்கலாம். ஆனால் சைலன்சருக்கென்றே பயன்படும் 409 வகை ஸ்டெயின்லெஸ்ஸிலும் காந்தம் ஒட்டும். ஆகவே குழாயின் வெட்டு விளிம்பையும் வெல்டிங் ஓரத்தையும் பாருங்கள். பூச்சு உரிந்து அடியில் வேறு நிறம் தெரிந்தால் குரோம்.

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. அலங்காரக் குரோம் பூச்சின் தடிப்பு 0.25 முதல் 0.5 மைக்ரோன் அளவே. தலைமுடி ஒன்றின் தடிப்பை 70 மைக்ரோன் என்று வைத்தால், அதில் ஏறக்குறைய இருநூறில் ஒரு பங்கு. ஸ்டெயின்லெஸ் அப்படியல்ல; உள்ளும் புறமும் ஒரே உலோகம். தேய்த்தால் புதிய முகம் வரும், காற்றுப் பட்டதும் பாதுகாப்புப் படலம் தானாக உருவாகும். குரோமைத் தேய்த்துத் தீர்த்துவிட்டால் தீர்ந்ததுதான்.

குளிர்ந்தபின் தொடு

இதற்கு நீண்ட உரை வேண்டாம். சூடான குழாயில் பாலிஷ் பூசினால் அது காய்ந்து கறையாகும். அதிலுள்ள எண்ணெய்க் கரைப்பான் தீப்பற்றவும் கூடும். வண்டியை நிறுத்தி அரை மணி நேரமாவது விடுங்கள்.

கழுவிய பின்துடை

தோட்டத்து ரோட்டின் சேற்றில் படிகக்கல் மணல் இருக்கிறது. கழுவாமல் துணியால் துடைப்பது மணற்காகிதம் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். முதலில் தண்ணீர், பிறகு சவர்க்காரம், பழைய பல்துலக்கி, மறுபடி தண்ணீர். அதற்குப் பிறகுதான் துணி.

இங்கே இன்னொன்று சொல்ல வேண்டும். பலர் பைக்கின் பின்னால் உர மூட்டை ஏற்றுகிறார்கள். தேயிலைக்குப் போடும் கலவையில் அமோனியம் சல்பேட்டோ யூரியாவோ இருக்கும். கூடவே மியூரியேட் ஒஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைட். ஸ்டெயின்லெஸ்ஸில் ஊசிக்குத்துப் போலத் துளை விழச் செய்வது குளோரைட்தான். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில் உரத்தூளோடு வண்டியை இரவு முழுக்க விடாதீர்கள். உர மூட்டை ஏற்றிய அன்றைக்கே கழுவினால் எந்தப் பாலிஷும் செய்யாத நன்மை கிடைக்கும். இதே காரணத்தால் குளோரின் கலந்த பிளீச்சிங் திரவமும் ஆகாது.

கடுமருந்து கடை

கடை என்றது கடைசியில் என்றபடி. மென்மையானதில் தொடங்கி, அது முடியாதபோதே அடுத்ததற்குப் போக வேண்டும்.

கழுவியதிலேயே பாதி அழுக்குப் போய்விடும். குரோமில் செம்புள்ளி இருந்தால், சாப்பாட்டுக் கடையில் வரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, அழுத்தாமல் தேய்க்க வேண்டும். அலுமினியம் குரோமைவிட மிக மென்மையானது. துருவை எடுக்கும், குரோமைக் கீறாது. செலவும் இல்லை. எல்லாக் கடைச் சரக்கையும்விட இதைத்தான் குரோமுக்கு நான் முதலில் சொல்வேன்.

அடுத்தது பிராசோ. 1905இல் இங்கிலாந்தின் ஹல் நகரத்து ரெக்கிட் கம்பெனி வெளியிட்ட பித்தளைப் பாலிஷ் இது. துரை பங்களாக்களின் கதவுக் கைப்பிடிக்கும் பெயர்ப் பலகைக்கும் பூசிப் பூசித்தான் மலையகத்தில் இதன் பெயர் நிலைத்தது. மெல்லிய சிலிக்கா வகைத் தூள், மண்ணெண்ணெய் போன்ற கரைப்பான், அமோனியா ஆகியவை அதன் அடிப்படை. அமோனியா செம்பு கலந்த உலோகத்தின் களிம்பைக் கரைக்கும். குரோமில் செம்பு வெளியே தெரிவதில்லை, ஆகவே அமோனியாவுக்கு அங்கே வேலை இல்லை. கரைப்பான் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், தூள் மேலழுக்கை எடுக்கும். குரோமுக்கு அது போதுமான அளவு.

மூன்றாவது ஆட்டோசோல், டியூபில் வரும் பசை. கத்தி, கத்தரிக்கோலுக்குப் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து வருவது. இதில் தேய்க்கும் பொருள் அலுமினியம் ஒக்சைட். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் வைரம் 10, அலுமினியம் ஒக்சைட் 9, சிலிக்கா 7. அதனால்தான் உருகி ஒட்டிய மழைக்கோட்டுக் கறையில் பிராசோ திணறுகிற இடத்தில் இது எடுக்கிறது. எங்கள் ஊரில் மழைக்கோட்டு ஓரமோ ரப்பர் செருப்போ சைலன்சரில் ஒட்டாத வண்டியைக் காண்பது அரிது. ஸ்டெயின்லெஸ்ஸின் மஞ்சள், நீல வெப்பக் கறைக்கும் இதுவே ஏற்றது.

புளியில் என்ன குறை என்று கேட்கலாம். புளியின் டார்டாரிக் அமிலம் பித்தளை விளக்குக்கு மிக நல்லது. குரோமில் அது துருவை இளக்கவும் செய்யும். ஆனால் பூச்சின் நுண்துளைக்குள் தங்கிய அமிலம் அடியிலுள்ள இரும்பை அரிக்கும். முழுக்கக் கழுவி எடுக்க நம்மால் முடியாது. சமையலறைக் கம்பிப் பஞ்சு குரோமைக் கீறும். ஸ்டெயின்லெஸ்ஸில் இரும்புத் துகளை விட்டுச் செல்லும், பிறகு அந்தத் துகளே துருப்பிடிக்கும். கிரைண்டிங் பேஸ்ட்டை சைலன்சரில் போடுவது அநியாயம். ட்ரில் மெஷினில் பஃபிங் சக்கரம் மாட்டிக் குரோமைத் தேய்ப்பதும் அப்படியே.

ஒருகுழல் மூன்றாய் வகுத்தொப்பு நோக்கு

இரண்டு பாலிஷை ஒப்பிடுவோர் ஒரு வண்டியில் ஒன்றும் இன்னொரு வண்டியில் மற்றொன்றும் போட்டுப் பார்க்கிறார்கள். அது ஒப்பீடு ஆகாது. இரண்டு குழாயின் வயதும் வேறு, பூச்சும் வேறு. ஒரே குழாயில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று பூசினாலும் தவறு. எஞ்சினை ஒட்டிய வளைவு கடும் சூடு, வால் பகுதி குறைந்த சூடு. உட்புறத்தில் சக்கரம் சேற்றை அடிக்கும், வெளிப்புறத்தில் அடிக்காது.

ஆகவே சைலன்சரின் வெளிப்புறத்தில், பக்கத்தில் பக்கத்தில் மூன்று பட்டைகளைப் பேப்பர் டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பிராசோ, ஒன்றில் ஆட்டோசோல், நடுவிலுள்ளதில் ஒன்றுமே இல்லை. ஒரே வகைத் துணி, ஒரே அளவு தேய்ப்பு. அந்த வெறும் பட்டை இல்லாவிட்டால் சவர்க்காரம் செய்த வேலையைப் பாலிஷின் கணக்கில் எழுதிவிடுவோம்.

மருந்தின் ஒளியன்று, மழைக்குப்பின் ஒளி

தேய்த்த உடனே பார்த்தால் இரண்டு பட்டைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் இல்லை. கறை இருந்த இடத்தில் மட்டும் பசை முந்தும். தீர்ப்பை அங்கேயே எழுதிவிடாமல் ஒரு மழைக்காலம் பொறுக்க வேண்டும். நான் பார்த்த வண்டிகளில் செம்புள்ளிகள் மூன்று பட்டையிலும் பழைய இடத்திலேயே திரும்ப வந்தன. நுண்துளை வழியாக அடி இரும்பு துருப்பிடிக்கிறது. மேலே தேய்ப்பது அந்தத் துளையை அடைப்பதில்லை.

நீலக் கறைக்கும் இதே நியாயம். அதைத் தேய்த்து எடுத்தாலும், குழாய் அதே அளவு சூடானால் திரும்ப வரும். கேஸ்கட் வழியே காற்றுக் கசிகிறதா, காபரேட்டரில் பெட்ரோல் குறைவாகப் போகிறதா என்று மெக்கானிக் பாஸிடம் காட்ட வேண்டும். வால் முனையில் கரி படிந்தால் அதற்கு மாறான காரணம் இருக்கும். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடலோரத்தைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரிசெய்த காபரேட்டர் இங்கே பெட்ரோலைக் கூடுதலாகக் கொடுக்கும். அந்த மிகுதிதான் கரியாகிறது.

மினுக்குதல் குறைத்து மெழுகினைப் பூசு

எந்தப் பாலிஷும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துத்தான் ஒளி தருகிறது. குரோமுக்கு ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறைக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு முறை கட்டாயம். மினுக்கிய பிறகு கார் மெழுகு மெல்லியதாகப் பூசினால் நீர் தங்காது. வால் பகுதியிலும் வெப்பத் தடுப்புத் தகட்டிலும் மட்டும் பூசுங்கள். கார்னோபா மெழுகு 80 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உருகும். எஞ்சின் வளைவில் அது வீண்.

உள்நீர் போக்கலே உயர்ந்த மெருகு

மற்ற ஐந்து அடிகளையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஒரு லீட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீட்டர் நீர் உண்டாகிறது. சூடான குழாயில் அது ஆவியாக வெளியேறும். குளிர்ந்த குழாயில் உள்ளேயே தங்கி, எரிந்த புகையின் அமிலத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். லயத்திலிருந்து ஸ்டேஷன் வரை, ஸ்டேஷனிலிருந்து லயம் வரை என்று மட்டும் ஓடும் வண்டியின் சைலன்சர் வால் வரை சூடேறுவதே இல்லை. 2022இல் கியூஆர் முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீட்டர் மட்டும் கிடைத்த காலத்தில் பல வண்டிகள் கொஞ்சம் ஓடி, மிச்ச நாளெல்லாம் ஈரத்தோடு நின்றன. வெளியே பளபளப்பாக இருந்த குழாய்களும் அடியில் ஓட்டை விட்டன.

வாரத்தில் ஒரு நாளாவது தலவாக்கலைக்கோ பூண்டுலோயாவுக்கோ குழாய் நன்றாகச் சூடேறும்படி ஓட்டிவிட்டு வாருங்கள். கழுவும்போது வால் ஓட்டையைத் துணியால் அடையுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் எடுத்துவிடுங்கள். பல சைலன்சர்களின் அடியில் நீர் வடிவதற்கென்றே ஒரு சிறு துளை இருக்கும். இன்று வண்டியை நிறுத்தியதும் குழாய் ஆறவிட்டுக் குனிந்து அதைத் தேடிப் பாருங்கள். சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் எடுத்துவிடுங்கள். பாலிஷ் வாங்கக் கடைக்குப் போவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.